திரைக்குப் பின்னால் ஒரு ‘சரி’

கேனை அலசியாச்சா என்று கேட்டால் ஆச்சு என்றோ இல்லை என்றோதான் பதில் வரவேண்டும். பிளாஸ்டிக் திரைக்கு அந்தப் பக்கமிருந்து, "சரி" என்று வந்தது.

கேட்டவள் டயாலிசிஸ் பிரிவில் திரவம் கலக்கும் டெக்னீஷியன். நர்ஸ் அக்கா பிளீச்சால் கழுவி அலசித் தரும் கேனில் பொடியை நீரில் கரைத்து, அதில் ஒட்டிய சீட்டை உரக்கப் படித்து, திரைக்கு அடியில் மேசைமேல் தள்ளுவாள். அந்தப் பக்கம் நர்ஸ் அக்கா சோதனைப் பட்டையை நனைத்து, பிளீச் மிச்சமில்லை என்று பார்த்துவிட்டு, "சரி" என்பாள். அதன் பிறகே கேனை எடுத்துப்போய் நோயாளியின் மெஷினில் மாட்டுவாள். உப்பு கூடினால் மெஷினே கத்தும். பிளீச்சைக் கண்டுபிடிக்க அதற்கு மூக்கு கிடையாது.

வாய் ஓயாத அக்கா இன்று இந்த ஒற்றைச் சொல்லைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. வீட்டில் சண்டையோ என்னவோ என்று அவளும் விட்டுவிட்டாள். ஆனால் மழை இருட்டு ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்க, குழாய்களுக்குள் தண்ணீர் முனகிக்கொண்டே ஓட, துடைத்த தரையின் ஈர வாடைக்கு அடியிலிருந்து இன்னொரு வாடை கிளம்பி மூக்கைக் காந்த, அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. முதல் கேன், வார்டில் டயாலிசிஸுக்கு வந்திருந்த அவள் அப்பாவின் மெஷினுக்குப் போயிருந்தது.

"அக்கா, பிளீச் வாடை அடிக்குதே, உங்களுக்குத் தெரியலையா?"

"சரி."

பின்னால் கதவு திறந்தது. வேர்த்து விறுவிறுத்து நர்ஸ் அக்கா நின்றாள்.

"பாழாப்போன லிஃப்ட்! இவ்வளவு நேரம் உள்ளயே மாட்டிக்கிட்டேன்டி. நான் பார்க்காம கேன் எதையும் அனுப்பிடலையே?"

அவள் திரையை இழுத்தாள்.

யாருமில்லை. சீல் உடைக்காத பட்டை டப்பா. மேசையில் ஈர வட்டங்கள். கேன்கள் இல்லை.

ஓடினாள்.

வார்டில் எல்லா மெஷினிலும் பச்சை விளக்கு. அப்பாவின் குழாயில் ஓடியது பார்த்துப் பழகிய ரத்தமாக இல்லை. பிளீச்சில் அணுக்கள் உடைந்து, அடர்த்தி போய், அந்தப் பக்கம் தெரியுமளவு தெளிந்து மின்னியது. பம்ப்பை நிறுத்தினாள். குழாயைக் கவ்வியால் இறுக்கினாள். அப்பாவின் கை சில்லிட்டிருந்தது.

"அப்பா! என்னப்பா பண்ணுது? ஏதாவது பேசுங்கப்பா!"

அப்பா கண் திறந்தார். அவளைப் பார்க்கவில்லை.

"சரி," என்றார். திரைக்குப் பின்னால் கேட்ட அதே குரல்.

அடுத்த நாற்காலியில் இருந்தவர் தலையைத் திருப்பினார்.

"சரி."

அதற்கும் அடுத்தவர்.

"சரி."