குடியை விட்டவரின் தள்ளாட்டம்

துப்பறிவாளர் வீட்டு வாசற்படியில் கால் இடறி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார் பெயர்ப்பலகை எழுதுபவர். “ஐயா, நான் குடிக்கலைன்னு நிரூபிச்சுக் குடுங்க!” நாக்கும் குழறியது.

துப்பறிவாளரின் மைத்துனன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். துப்பறிவதில் அவனுக்கு ஆசை அதிகம், பொறுமை குறைவு. ஆளைப் பார்த்தாலே தெரிகிறதே, இதற்கு எதற்குத் துப்பு என்று நினைத்தான்.

“விட்டு மூணு மாசமாச்சுங்க. பொண்ணு நம்ப மாட்டேங்குது. குடிகாரன் கையில பிள்ளையைத் தர மாட்டேன்னுடுச்சு. பேத்தியை நான் இன்னும் தூக்கவே இல்லை.” அவர் கண் கலங்கிவிட்டது.

துப்பறிவாளர் குனிந்து முகர்ந்தார். காபி வாசனைதான் வந்தது. வந்தவரின் முகத்துக்கு முன்னால் விரலைப் பக்கவாட்டில் நகர்த்தினார். ஓரத்துக்குப் போன கண்கள் வெடவெடவெனத் துடித்தன.

மூவரும் அவர் வீட்டுக்குப் போனார்கள். தோளில் குழந்தையோடு நின்ற மகள் மேசையைக் காட்டினாள். அங்கே ஒரு பாட்டில், பாதி சாராயத்தோடு. “பெயின்ட் டப்பாவுக்குப் பின்னாடி இருந்துச்சு. இதுக்கு என்ன சொல்றாரு?”

“கையும் களவுமா மாட்டிக்கிட்டாரு மாமா!” மைத்துனன் துள்ளினான்.

“மூடியைப் பாரு மாப்ளே.”

மூடியிலும் கழுத்திலும் தூசி அப்பிக் கிடந்தது; திறந்து பல நாளாகியிருந்தது. மைத்துனனுக்கு முகம் தொங்கிப்போயிற்று.

துப்பறிவாளர் அலமாரியைத் துழாவி, அவர் தினமும் போடும் வலிப்பு மாத்திரையை எடுத்தார். “இதோட அளவை எப்பவாவது கூட்டினாங்களா?”

“போன வருஷம். வலிப்பு அடங்கலைன்னு டாக்டர் கூட்டினாரு.”

“அப்ப தினமும் குடிச்சீங்க. அவர்கிட்ட சொன்னீங்களா?”

“அதெப்படிங்க? திட்டுவாரே!”

துப்பறிவாளர் சிரித்துவிட்டார். “ஆளு கிடைச்சாச்சு. குற்றவாளி இந்த மாத்திரைதான்! மருந்தைச் சிதைக்கிற நொதிகள் ஈரல்ல இருக்கு. தினமும் குடிச்சா அதுங்க பெருகி, இந்த மாதிரி மருந்தைச் சீக்கிரமே தீர்த்துடும். அதான் பழைய அளவு பத்தலை. இப்ப குடி நின்னுச்சு, நொதியும் அடங்கிடுச்சு. கூட்டின அளவு மட்டும் அப்படியே இருக்கு. மருந்து உடம்புல தேங்கினா நடை தள்ளாடும், நாக்கு குழறும், கண் துடிக்கும். உங்கப்பா தள்ளாடுறது குடிச்சதால இல்லம்மா, விட்டதால!”

“அப்ப மாத்திரையைத் தூக்கி எறிஞ்சிடலாம்!” என்றான் மைத்துனன்.

“அவசரக்குடுக்கை! சட்டுனு நிறுத்தினா வலிப்பு வந்துடும். இன்னிக்கே டாக்டர்கிட்ட போய் ஒண்ணு விடாம சொல்லட்டும், அவர் பார்த்துக் குறைப்பாரு.”

மகள் அழுதாள், சிரித்தாள். “நிக்காதீங்கப்பா, உட்காருங்க.” உட்கார்ந்தவர் மடியில் குழந்தையை வைத்தாள். பேத்தி உடனே மடியை நனைத்தாள். தாத்தாவுக்கு அதுவும் கொண்டாட்டம்தான்.

இரத்தப் பரிசோதனையிலும் அதுவே தெரிந்தது. டாக்டர் நன்றாகத் திட்டிவிட்டுத்தான் அளவைக் குறைத்தாராம். சில வாரம் கழித்து, துப்பறிவாளருக்கென்று ஒரு பெயர்ப்பலகை வந்தது. மைத்துனன் அளவுகோல் வைத்தே பார்த்தான். ஓர் எழுத்துகூடக் கோணலாக இல்லை. எழுதியவர், கதவைத் தொடாமல், பேத்தியைத் தோளில் சாய்த்தபடி படியேறி வந்துகொண்டிருந்தார்.