எந்தக் கெமரா நல்லம்?

பதில்களில் ஒன்று மட்டும் மற்றவற்றோடு சேரவில்லை.

அஹ்ஸன் கேட்டது சின்னக் கேள்விதான். கொழும்பில் மின்சாதனம் வாங்குகிறவர்கள் கூடிக் கதைக்கும் முகநூல் குழுவில் இரண்டு கெமராக்களின் படத்தைப் போட்டு, பிள்ளை தூங்கும் அறைக்கு எது நல்லம் என்று கேட்டிருந்தான். ஒன்று வெள்ளை, உருண்டை. மற்றது கறுப்பு, பெட்டி போல. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். வெள்ளை மலிவு. வெள்ளை சீக்கிரம் செத்துவிடும். எதை வாங்கினாலும் படம் சீனாவுக்குத்தான் போகும். ஒருவர் நாய் வளர்க்கச் சொன்னார். இவற்றுக்கு நடுவே, பெயரை மறைத்துக்கொண்ட ஒருவர்:

"வெள்ளை வேணாம். அதுல நான் தெரியிறல்ல."

சிலர் சிரிப்புக்குறி போட்டிருந்தார்கள். "ஆரப்பா நீங்க, கள்ளனா?" என்று ஒருவர் கேட்டிருந்தார்.

அஹ்ஸன் வேலை செய்த ஒருகொடவத்தைக் கொள்கலன் முற்றத்து அலுவலகத்தில் பக்கத்து மேசை ரிம்ஸானுடையது. அவன் எட்டிப் பார்த்தான்.

"செருப்பு வாங்கவும் குரூப்ல கேக்கிற ஆள் நீதான்டா. பொண்ணு பார்த்ததும் அங்கதானா?"

சொன்ன பிறகுதான் அவனுக்கு நினைவு வந்தது. தேநீர் எடுத்துவருவதாக எழுந்து போய்விட்டான்.

அஹ்ஸன் கறுப்பையே வாங்கினான். ஆணி அடிக்கும்போது, அதற்குத்தான் விமர்சனங்கள் நல்லவை என்று தனக்குள் சொல்லிக்கொண்டான்.

மனைவி ஜுமானா டெங்குக் காய்ச்சலில் போய் ஒரு வருடம் ஆகவில்லை. அடக்கம் முடிந்து வந்த அன்று அவளுடைய அக்கா நளீபா ஒரு விஷயம் சொன்னாள். மௌத்தான பெண்ணின் முகம் போனில் கிடக்கக் கூடாது, அந்நிய ஆண்கள் கண்ணில் படும், உயிரோடு இருக்கும்போதே அவள் அதை விரும்பியதில்லை. அது உண்மைதான். அஹ்ஸன் அங்கேயே உட்கார்ந்து எல்லாப் படங்களையும் அழித்தான். இரண்டு போன்களிலும். அப்போது அது சுலபமாக இருந்தது. எதுவும் உறைக்கவில்லை. பிறகுதான் அவளுடைய முகம் நழுவத் தொடங்கியது. கை நினைவிருந்தது. இருமல் நினைவிருந்தது. உம்மா எப்படி இருப்பா என்று நான்கு வயது ஹபீலா கேட்டால், உன்னைப் போல என்பான்.

வெள்ளவத்தையில் அவனுடைய வீட்டுக்குக் கீழ்த்தளத்தில்தான் நளீபா இருந்தாள். பகலில் பிள்ளையை அவளே பார்த்தாள். பிள்ளை மதியத்துக்குப் பின் தூங்கும்போது கதவைப் பூட்டிவிட்டுக் கீழே போய்ச் சமைத்து, தொழுதுவிட்டு வருவாள். கெமரா அந்த இடைவெளிக்குத்தான்.

முதல் வாரம் ஒன்றுமில்லை. அவன் காதில் செருகியிருந்த இயர்போனில் மின்விசிறி சுழல்வதும், கடலோரத் தண்டவாளத்தில் ரயில் போவதும், உப்புக்காற்றில் துருவேறிய ஜன்னல் கொளுக்கி கிறீச்சிடுவதும், எல்லாவற்றுக்கும் அடியில் பிள்ளையின் மூச்சும் கேட்டபடி இருக்க, அவன் கொள்கலன் எண்களைக் கணினியில் பதிந்துகொண்டிருந்தான்.

மழை இருட்டிய ஒரு பிற்பகலில், அந்த ஒலிகளுக்குள் இன்னொரு மூச்சு சேர்ந்தது. பிள்ளையுடையதை விட மெதுவானது. ஒன்று முடிந்து அடுத்தது வருவதற்குள் நெடுநேரம் எடுத்துக்கொள்ளும் மூச்சு. அவன் போனைத் திருப்பினான்.

கட்டில் விளிம்பில் ஒரு பெண் கெமராவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். தலையில் முக்காடு. நளீபாவின் தோள் அல்ல. ஹபீலா எழுந்து சுவரோடு ஒட்டி அமர்ந்திருந்தாள்.

நளீபாவுக்கு அழைத்தான். எடுக்கவில்லை. அஸர் நேரம், தொழுகையில் இருப்பாள். போனில், கெமரா வழியாகப் பேசும் பொத்தானை அழுத்தினான்.

"மகள்."

பிள்ளை மேலே பார்த்தாள். அழவில்லை.

"வாப்பா, இவ உம்மா எண்டு சொல்றா. உம்மாதானா?"

அந்தப் பெண் திரும்பினாள். அவசரமில்லாமல், முழு முகத்தையும் காட்டினாள். படம் தெளிவாக இருந்தது. கண்கள் இருந்தன. மூக்கு, உதடு, எல்லாம் அந்தந்த இடத்தில் இருந்தன. அவன் பார்த்தான். ஜுமானாவாக இருக்கலாம். யாராகவும் இருக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க அவனிடம் ஒன்றுமே இல்லை. இல்லை என்று சொல்லத்தான் வாய் திறந்தான். அந்த முகம் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. எத்தனை நாள் தேடிய முகம்.

"ஓம்," என்றான். "உம்மாதான்."

ஹபீலா சுவரை விட்டு நகர்ந்து அவளிடம் போனாள்.

பிறகு முச்சக்கரவண்டி. மழை. காலி வீதியில் அசையாத வாகனங்கள். பொத்தானை அழுத்தி அழுத்திக் கூப்பிட்டான். அது உம்மா இல்லை என்றான். மகள், கீழே பெரியம்மாவிடம் ஓடு என்றான். அவனுடைய குரல் அறைக்குள் ஒலிப்பது இயர்போனில் அவனுக்கே கேட்டது. பிள்ளை திரும்பவில்லை. அந்தப் பெண் அவளுக்குத் தலைவாரினாள். சீப்பு முடியில் இறங்கும் சத்தம். மெதுவாக. மறுபடியும்.

படியில் நளீபா நின்றாள். சாவி கையில் இருந்தது.

"என்ன தம்பி இந்த ஓட்டம்? இப்பதான் பார்த்திட்டு வந்தன், நல்லாத் தூங்குறா."

கதவைத் திறந்தார்கள். அறை அமைதியாக இருந்தது. மின்விசிறி சுழன்றது. ஜன்னல் கம்பி போட்டது. உட்புறம் கொளுக்கி மாட்டியிருந்தது. கட்டில் காலி.

நளீபா பிள்ளையின் பெயரைச் சொல்லிக் குளியலறைக்கு ஓடினாள். அலுமாரியைத் திறந்தாள். கட்டிலுக்கு அடியில் குனிந்தாள்.

அஹ்ஸன் போனைப் பார்த்தான்.

அதே அறை. அதே கட்டில். இருவரும் அங்கே இருந்தார்கள். நளீபா இல்லை. அவனும் இல்லை. அலுமாரி மூடியிருந்தது. ஹபீலா அந்த மடியில் சாய்ந்திருந்தாள், தலையில் இரட்டைப் பின்னல்.

கட்டிலுக்கு அருகே போனான். பிள்ளை இருக்க வேண்டிய இடத்தில் கையை வைத்தான். விரிப்பு குளிர்ந்திருந்தது.

திரையில், யாருமில்லாத இடத்தில் விரிப்பு அழுந்தியது. ஐந்து விரல்கள்.

ஹபீலா அதைக் கண்டாள். கண்கள் பெரிதாயின. கால்களை இழுத்துக்கொண்டு, வீரிட்டு அழுது, அந்தப் பெண்ணின் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டாள்.