வாசம் போன அறை

அண்ணன் இறந்த பிறகு, அவன் வேலை பார்த்த ஓசோன் அறைக்கு என் கணவரைப் போட்டார்கள்.

காகித ஆலையின் கழிவுநீர் எங்கள் பிரிவுக்குக் கருந்தேநீர் நிறத்தில் வந்து சேரும். அதற்குள் ஓசோன் வாயுவைக் குமிழ்குமிழாக ஏற்றினால் நிறம் வெளுக்கும். எதிர் ஆய்வகத்தில் அந்த நீரைச் சோதிப்பது என் வேலை.

வாயு கசிந்தால், இடி இடித்து ஓய்ந்த வெளியின் வாசம் அடிக்கும். ஆட்கள் அதை மோந்தே கசிவைக் கண்டுபிடிப்பார்கள். அலாரம் எதற்கெடுத்தாலும் கத்துகிறதென்று அதன் வாயைத் துணியால் அடைத்திருந்தார்கள். ஆனால் கொஞ்ச நேரத்தில் மூக்கு மரத்துப்போகும். வாசம் போனதும் கசிவு நின்றுவிட்டதென்று நினைத்து, அண்ணன் அந்த நச்சுவாயுவுக்குள்ளேயே நின்றுவிட்டான். அவன் போன பிறகு துணியை எடுத்தார்கள். துக்கம் ஆறுவதற்குள் மறுபடி அடைத்தாகிவிட்டது.

அன்று மதியம் வேலைக்கு வந்து குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஓசோன் அறைக்குள் யாரோ இருமினார்கள்.

அண்ணனின் இருமல்.

ஓடினேன். கதவைத் திறந்ததும் அந்த வாசம் முகத்தில் அறைந்தது. கணவர் குழாய் இணைப்பை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"வெளிய வாங்க."

"இரு. லீக் நின்னுடுச்சு. வாசமே இல்ல பாரு."

"மூக்கு மரத்துப்போச்சுங்க. அண்ணனும் இப்படித்தான நெனச்சான்."

"மச்சான் மூக்கு வேற. என்னுது நாய் மூக்கு." சிரித்தார். சிரிப்பு பாதியில் அடைத்துக்கொண்டது.

கையைப் பிடித்து இழுத்தேன். அவர் கனக்கவே இல்லை. அப்படியே வாசலைத் தாண்டி என்மேல் வந்து சாய்ந்தார்.

வாயு வெளியே பரவக்கூடாது. கதவைச் சாத்தினேன்.

உள்ளிருந்து கைப்பிடி மெதுவாகக் கீழே இறங்கியது.

"உள்ள வேற யாரு?" என்றேன்.

"யாருமில்லையே. நீதான என் முதுகுல கை வச்சுத் தள்ளின?"

நான் அவருக்கு முன்னால் அல்லவா நின்றிருந்தேன்.

கைப்பிடி சற்று நேரம் அப்படியே நின்றது. பிறகு, புரிந்துகொண்டதுபோல், தானாக மேலே போனது. திறக்க எனக்குத் துணிவு வரவில்லை.

இயந்திரத்தை நிறுத்தி, அறைக் காற்றை வெளியேற்றி, மாலையில் ஃபிட்டர் கதவைத் திறந்தார். உள்ளே யாரும் இல்லை. கதவுக் கண்ணாடியின் உட்புறம் மட்டும் ஆவி படிந்திருந்தது. துடைத்தார். மறுபடி படிந்தது. சுருங்கி, விரிந்து, சுருங்கியது.

ஃபிட்டர் மீண்டும் துடைக்கத் துணியை எடுத்தார்.

"தொடைக்காதீங்கண்ணே," என்றார் என் கணவர். "மச்சான் மூச்சு விட்டுக்கட்டும்."