பதினேழாம் நம்பருக்கு வருபவர்

பதினேழாம் நம்பர் வீட்டுக்கு ஆள் வருவதாகக் கம்ப்யூட்டர் திரை காட்டியது. அந்த வீட்டில் குடியிருப்பது பொன்னுராஜ்தான். காலையில் அங்கிருந்துதான் சோறு கட்டிக்கொண்டு ஆபீசுக்கு வந்திருந்தான்.

திரையை உள்ளங்கையால் துடைத்தான். தூசி போனது, எழுத்து போகவில்லை. வருபவர்: சுயம்புலிங்கம்.

பெயரைப் பார்த்ததும் பயம் வரவில்லை, வயிறுதான் எரிந்தது. செத்தும் விடமாட்டானா இவன்? ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் முதலாளிக்கு இருந்த லைன் வீடுகள், கடைகள் அத்தனைக்கும் குடித்தன விவரம் வைத்திருக்கும் கம்ப்யூட்டர் புரோகிராமை எழுதியவன் சுயம்புலிங்கம். சில வருடங்களுக்கு முன் அய்யனார் கோயில் ஆற்று வெள்ளம் அவனை அடித்துக்கொண்டு போனது. அவன் நாற்காலி பொன்னுராஜுக்கு வந்தது. அவன் இருந்த ஆபீஸ் வீடும் வந்தது. பிறகு அவன் மனைவி இருளம்மாளையும் பொன்னுராஜே கட்டிக்கொண்டான். எல்லாம் வந்தும் எதுவும் தனக்கென்று ஆகவில்லை என்கிற அரிப்பு மட்டும் போகவில்லை. ஆபீசில் வாய்க்கு வாய் சுயம்புலிங்கத்தைச் சொல்லி "அவிய எழுதினது" என்பார்கள். வீட்டில் இருளம்மாள் வாய்விட்டு ஒன்றும் சொல்லமாட்டாள். அதுதான் அவனை அதிகம் எரித்தது.

இது தொண்ணூற்றொன்பதாம் வருடம். முதலாளியின் மதுரை ஆபீசில் இன்டர்நெட் வழியாக ஓடும் புதுப் புரோகிராமை வாங்கிவிட்டார்கள். பழையது யாரிடமும் பேசாது. சாயங்காலம் ஒரு தடவை, எல்லா வீட்டு விவரத்தையும் ஒற்றை எழுத்துக் குறிகளாக மொத்தமாய்க் கொட்டிவிட்டுப் படுத்துக்கொள்ளும். புதியது அப்படியல்ல. நினைத்த நேரத்தில் டெலிபோன் லைனில் வந்து, இந்த வீட்டில் யார், அந்தக் கடையில் யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். கேட்ட கணமே பதில் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து, இதன் பேச்சை அதற்கு மாற்றிச் சொல்லும் ஒரு சின்னப் புரோகிராமைப் பொன்னுராஜ் எழுதியிருந்தான். இது ஓடிவிட்டால் பழையதைத் தூக்கி எறிந்துவிடலாம். சுயம்புலிங்கத்தின் பெயரும் அன்றோடு ஒழியும்.

பழையதில் சில பெயர்களுக்கு நேரே 'வி' என்ற ஆங்கில எழுத்து இருந்தது. என்னவென்று மேனேஜர் சேக் முகைதீனிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் சுயம்புலிங்கம் புராணத்தை ஆரம்பித்துவிடுவார். 'வி' என்றால் 'வருகிறார்', வேறென்ன இருக்கப்போகிறது? தன் புரோகிராமில் அப்படியே எழுதிவிட்டான்.

மத்தியானம் தாண்டி மழை பிடித்துக்கொண்டது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போன் வந்தது. எடுத்துப் பேசிய சேக் முகைதீன் முகத்தைச் சுளித்தார்.

"பூட்டிக் கெடக்குற நம்ம கடைக்குள்ள தையல் மிசின் ஓடுற சத்தம் கேக்காம்லே. அந்த டெய்லர் மவுத்தாயி எம்புட்டு நாளாச்சு!"

பொன்னுராஜ் செத்துப்போன டெய்லரின் பெயரைத் தேடினான். நேரே 'வி' இருந்தது.

"பாய், இந்த 'வி'ன்னா என்ன?"

"அதா? வாரேன்னு சொல்லிட்டுப் போனவுக. வீட்டக் காலி பண்ணிட்டுக் கெளம்புறப்ப எவனாச்சும் போறேன்னு சொல்லுவானா? அதான் காலி பண்ணவுகளுக்குச் சுயம்புலிங்கம் அப்படிப் போட்டாரு. செத்தவுகளுக்கும் மனசு கேக்காம அதையே போட்டாரு. அவரு செத்தப்ப அவருக்கு நாந்தாம்லே என் கையால போட்டேன்." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தங்கமான மனுசன்."

அந்த நேரத்திலும் பொன்னுராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகுதான் உறைத்தது: செத்தவர்களையெல்லாம் அவன் புரோகிராம் 'வருகிறார்' என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அதை மாற்றுவதற்கு விசைப்பலகையில் கை வைத்தபோது, டெலிபோன் லைனில் மாட்டியிருந்த மோடம் கீச்சிட ஆரம்பித்தது. எப்போதும் கேட்கிற இரைச்சல்தான், ஆனால் இன்று அதற்கு அடியில் தண்ணீர் பாறையில் மோதி ஓடுகிற சத்தமும், மூடிய அந்த அறைக்குள் எங்கிருந்தோ ஆற்றுச் சேற்று நாற்றமும் சேர்ந்து வந்தன. புதியது கேட்டது. அவன் எழுதியது பதில் சொன்னது. திரையில் வரி மாறியது. பதினேழாம் நம்பர், சுயம்புலிங்கம்: வந்து சேர்ந்தார். ஒரு வீட்டுக்கு ஒரு குடும்பத் தலைவர்தான் என்பது புதியதன் சட்டம். அதனால் கீழே இன்னொரு வரியும் விழுந்தது. பொன்னுராஜ்: காலி செய்தார்.

வயரைப் பிடுங்கினான். பிடுங்கிய பிறகும் மோடம் கத்தியது.

வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தான். மில்லிலிருந்து வரும் ஈரப் பஞ்சு வாடையைத் தாண்டியும் அந்தச் சேற்று நாற்றம் கூடவே வந்தது. இருளம்மாளுக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது. அவள் என் பொண்டாட்டி. என் பொண்டாட்டி. மிதிக்க மிதிக்க அதையே சொல்லிக்கொண்டான்.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"இருளு! ஏட்டி, கதவத் தொற!"

"யாரு?"

"நாந்தான்டி!"

உள்ளே கரண்டி தட்டில் இடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"அவிய சாப்பிட்டுக்கிட்டு இருக்காக. பொறவு வாங்க."

வெளியாளிடம் பேசுகிற குரல் அது. பொன்னுராஜ் ஜன்னல் பக்கம் ஓடினான். ஈரத்தில் கால் வழுக்கியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

பல்பு எரிந்தது. ஒருவன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். வெள்ளைச் சட்டை. ஒட்டிப்போன தலைமுடி. முடிக்குள் மணல். எதிரே இருளம்மாள்.

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். வாய் கொள்ளாத சிரிப்பு. இத்தனை நாளில் அவன் ஒரு தடவைகூடப் பார்க்காதது. பாவி, என்னைப் பார்த்து ஒருநாளாவது இப்படிச் சிரித்தாயாடி? பயத்தை மீறிக்கொண்டு அதுதான் முதலில் வந்தது.

அப்புறம்தான் தண்ணீரைப் பார்த்தான்.

அறைக்குள் ஆற்று வெள்ளத்தின் செந்தண்ணீர். அவள் இடுப்பு வரை. மார்பு வரை. ஜன்னல் திறந்துதான் இருந்தது. ஒரு சொட்டு வெளியே வரவில்லை. கம்பிக்குள் கையை நுழைத்தான். கைக்கு எட்டிய இடத்தில் வெறும் காற்றுதான் இருந்தது.

"இருளு! வெளிய வாடி! வாடி!"

அவள் திரும்பவில்லை. தண்ணீர் கழுத்தைத் தொட்டது. வாயைத் தொட்டது. மூடியது. கூந்தல் மேலெழுந்து விரிந்தது. செந்தண்ணீருக்குள் அவள் கரண்டி நிறையச் சோறு அள்ளினாள். பருக்கைகள் பிரிந்து மிதந்தன. கண்ணைத் திறந்தபடி, அதே சிரிப்போடு, எதிரே இருந்தவன் பக்கம் நீட்டினாள். இன்னுங் கொஞ்சம் வச்சுக்கிடுங்க என்று அவள் உதடு அசைந்தது. குமிழிகள் கிளம்பின. கொஞ்சம் கழித்து அவையும் நின்றன. கை மட்டும் பரிமாறிக்கொண்டே இருந்தது.