வட்டமிடாமல் வந்தவன்

விமான இருக்கைக்கு அடியில் மறுபடியும் தண்ணீர் கிடந்தது. மெக்கானிக் ஹாப்டே மண்டியிட்டுத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தார்.

"மூணு நாளா மழையே இல்ல சார். தொட்டு நாக்குல வெச்சுப் பாத்தேன். உப்பு கரிக்குது."

"என் வேர்வையா இருக்கும்" என்றான் ஃபின்டன் கனீலி. ஹாப்டே சிரிக்கவில்லை.

போர் விமானியான ஃபின்டனுக்கு இருபது வயது. அயர்லாந்தின் மேற்குக் கரையில் மீனவர் வீட்டுப் பிள்ளை. இங்கிலீஷ்காரன் சண்டையில் உனக்கென்ன வேலை என்று அப்பா திட்டத் திட்டக் கிளம்பி வந்தவன். படைப்பிரிவில் அவனுக்கிருந்த ஒரே ஊர்க்காரத் துணை டப்ளினைச் சேர்ந்த மலக்கி. "மீன்காரா, உன் பிளேனே நாறுதுடா" என்று சீண்டிக்கொண்டே இருப்பான். அவ்வளவு பிரியம்.

நான்கு நாளைக்கு முன் மலக்கியின் விமானம் சுடப்பட்டு அவன் கடலில் விழுந்தான். மஞ்சள் மிதவைச் சட்டையோடு மிதந்தபடி, மேலே பறந்துகொண்டிருந்த ஃபின்டனைப் பார்த்துக் கையாட்டினான். விழுந்தவனுக்கு மேலே வட்டமிட்டு வானொலியில் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அதை வைத்துத்தான் மீட்புப் படகு இடம் கண்டு வரும். ஃபின்டனிடம் பெட்ரோல் இருந்தது. ஆனால் கடல் பிடித்தவனைப் பிடுங்கினால் பிடுங்கியவனைக் கடல் எடுத்துக்கொள்ளும் என்பார்கள் அவன் ஊரில். அந்தப் பயம் விமானத்தில் ஏறி வராது என்று நினைத்தது அவன் தப்பு. கை தானாகவே விமானத்தைக் கரைப்பக்கம் திருப்பியது. 'விழுந்ததைப் பார்க்கவில்லை' என்று எழுதிக்கொடுத்தான். அந்தப் பொய் அவனை உறங்க விடவில்லை.

பிற்பகலில் தனியே ரோந்து புறப்பட்டான். கடல்மேல் வெள்ளை மூட்டம் அசையாமல் கிடந்தது. என்ஜினின் ஓயாத உறுமலுக்கு அடியில், காதுக் கருவிக்குள், யாரோ வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு மூச்சுவிடுவதுபோல் ஒரு கொப்பளிப்பு கேட்டது. பெட்ரோல் நெடியையும் மீறி அழுகிய கடற்பாசியின் வாடை மெல்ல மெல்ல ஏறியது.

"மீன்காரா."

மலக்கியின் குரல்.

"எவ்வளவு நேரம்டா கைய ஆட்டுறது? வலிக்குதுடா."

"மலக்கி... மன்னிச்சுடுடா. பயந்துட்டேன்டா."

"தெரியும். இப்பவாச்சும் சுத்து. கீழ எறங்கிச் சுத்து."

ஃபின்டன் வாய்விட்டு அழுதான். நான்கு நாள் அழுகை. உயிர் போனாலும் இந்த முறை விட்டுப்போவதில்லை. இறக்கையைச் சாய்த்தான். ஒரு வட்டம். இன்னொன்று. பெட்ரோல் முள் இறங்கியது. பார்க்கவில்லை.

தரை நிலையத்தின் குரல் குறுக்கிட்டது. "கனீலி, ஏன் அங்கயே சுத்துறீங்க?"

"மலக்கி கீழ இருக்கான். உயிரோட இருக்கான். படகு அனுப்புங்க!"

தரை நிலையத்தின் குரல் தணிந்தது.

"தம்பி, மலக்கி உடம்பு காலையில கரை ஒதுங்கிடுச்சு. இங்கதான் இருக்கு. திரும்பி வாப்பா."

என்ஜின் இருமியது. நின்றது.

மூட்டம் விலகியது.

கீழே, கடல் பிடித்தவர்களின் தலைகள். மஞ்சள் சட்டை ஒன்றுகூட இல்லை. நூற்றுக்கணக்கில், நெருக்கியடித்துக்கொண்டு, எல்லாம் அண்ணாந்து. அவன் இறங்க இறங்க, அவை மெதுவாக ஒதுங்கின. நடுவே, ஒரே ஓர் ஆளுக்கு இடம் விட்டு.