ராட்டினமும் ஒரு செம்புத் தண்ணீரும்

வேம்புலியின் ராட்டினத்தை அதுவரை மாடுதான் சுற்றியது. ஆனால் அது வெள்ளைக்காரர்கள் உலக யுத்தம் நடத்திய காலம். ஆவடிப் பக்கம் பட்டாளம் கழித்துப்போட்ட ஓட்டை லாரிகளுக்குப் பஞ்சமே இல்லை. அப்படி ஒரு லாரியின் எஞ்சினை வாங்கி, அந்த வருஷம் பூந்தமல்லித் திருவிழாவில் ராட்டினத்தோடு இணைத்துவிட்டான் வேம்புலி. பெரிய வட்டப் பலகை பம்பரமாய்ச் சுழன்றது.

ஆறு வயது தசரதன் பலகையில் ஏறி, தலையை நடுக் கம்பத்துப் பக்கம் வைத்து, கால்களை வெளிப்பக்கம் நீட்டி மல்லாந்து படுத்தான்.

"அக்கா, வானம் சுத்துறதப் பாக்கப் போறேன்!"

"சரி, பலகையில கட்டின கயித்தக் கெட்டியாப் புடிச்சுக்கோ" என்றாள் பதினொரு வயது சாமுண்டி.

எஞ்சின் உறுமியது. முதலில் தம்பியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

"நிறுத்துங்க அண்ணாத்தே!" என்று கத்தினாள் சாமுண்டி.

ராட்டினம் நின்றது. தசரதன் கண் திறக்கவில்லை. முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. சாமுண்டி பலகைக்கு ஓடினாள். 'சரி' என்று சொன்னவள் அவள்தானே?

"காக்கா வலிப்புடா! இரும்பக் குடு!" என்று யாரோ அவன் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். இரண்டு பேர் அவனைத் தூக்கி நிமிர்த்தி உட்கார வைத்தார்கள். தலை தொங்கியது. முகம் இன்னும் வெளுத்தது.

காலையில் கிணற்றடியில் விளையாடியது சாமுண்டிக்கு ஞாபகம் வந்தது. தண்ணீர்ச் செம்பைக் கயிற்றில் கட்டி வேகமாகச் சுற்றினாள். தலைக்கு மேலே செம்பு கவிழ்ந்தும் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. தண்ணீர் முழுக்க வெளிப்பக்கமாக, செம்பின் அடியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

ராட்டினத்தில் தம்பிக்கு வெளிப்பக்கம் இருந்தது கால்.

"நிமித்தாதீங்க! ரத்தம் காலுக்கு எறங்கிப் போச்சு. படுக்க வைங்க!"

"சும்மா கீறியா! உனக்கு இன்னா தெரியும்?" என்று அதட்டினார் சாவியைத் திணித்தவர்.

சாமுண்டி கூட்டத்துக்குள் புகுந்தாள். தம்பியை இடுப்போடு கட்டிப்பிடித்து இழுத்து மணலில் கிடத்தினாள். அவன் கால்கள் இரண்டையும் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டாள். யாரோ அவள் கையைப் பிடித்து இழுத்தார்கள். அவள் அசையவே இல்லை.

உதட்டில் மெல்ல நிறம் வந்தது. தசரதன் கண்ணைத் திறந்து கையைப் பார்த்தான்.

"இது யாரு ஊட்டுச் சாவி?"

வேம்புலி மணலில் தொப்பென்று உட்கார்ந்தான். "எஞ்சின் தாங்குமான்னு பாத்தேன். புள்ள தாங்குமான்னு பாக்கலையே" என்றான். எழுந்து போய், எஞ்சினையும் ராட்டினத்தையும் இணைத்த பட்டையைக் கழற்றி எறிந்தான். மாட்டைப் பிடித்துவர ஆள் அனுப்பினான்.

கூட்டம் கலைந்தது.

"அக்கா, கால விடு" என்றான் தசரதன்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்றாள் சாமுண்டி. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.