தந்தியில் வராத மூன்றாம் பாட்டு

"பார்னி செத்துட்டான்!"

சார்ஜென்ட் பேர்டு தொப்பியைக் கூடக் கழற்றவில்லை. வாசலில் அவருடைய குதிரை நுரை தள்ளிக்கொண்டிருந்தது.

தந்திக் கருவி மேல் இருந்த எஃபியின் விரல் அப்படியே நின்றது.

"எப்போங்கய்யா?"

"காலையில எட்டு மணிக்கு. மண்டையில அடி. டாக்டர் சத்தியம் பண்றார்."

எஃபிக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

"போங்கய்யா! பதினொரு மணி வரைக்கும் பார்னி தந்தி அடிச்சிட்டிருந்தான். நான்தானே இங்க உக்காந்து எழுதினேன்!"

"அதைக் கேக்கத்தாம்மா வந்தேன். செத்தவன் மூணு மணி நேரம் எப்படித் தந்தி அடிச்சான்?"

எஃபியின் சிரிப்பு செத்தது.

நியூசிலாந்தின் தென்கோடி. இன்வர்கார்கில் தந்தி ஆபீஸ். இருபது மைல் தள்ளி, கடல் முனையில் ஒற்றைக் குடிசை... அதில் பார்னி.

லண்டன் தபாலோடு வரும் நீராவிக் கப்பல் அந்த முனையைத் தாண்டும்போது ஒரு தகரப் பெட்டியைக் கடலில் எறியும். உள்ளே லண்டன் சேதிகள். பார்னி படகில் போய் அதை எடுத்துவந்து, ஊர்ப் பத்திரிகைக்காக எஃபிக்குத் தந்தி அடிப்பான். தபால் மூட்டை ஊருக்குள் வருவதற்குள் சேதி வந்துவிடும்!

முக்கியமான சேதி... ஆட்டுக் கம்பளி விலை! அது ஏறினால் ஊரே ஆடும். இறங்கினால் ஊரே அழும்.

"தகரப் பெட்டி?" என்றாள் எஃபி.

"திறந்து கிடந்துது. உள்ளே ஒண்ணுமில்லை. இன்னிக்கு என்னென்ன வந்துது? ஒண்ணு விடாமச் சொல்லு."

"ஏழரைக்கு, 'கப்பல் தெரியுது'ன்னு வந்துது. ஊருக்குத் தெரியட்டும்னு நானும் மாடியில சிவப்புக் கொடி ஏத்தினேன். ஒன்பது மணிக்கு ஒரு தனித் தந்தி. டுனீடின் நகரத்துல எல்.கெர்ங்கறவங்களுக்கு. 'அத்தை சுகம். உடனே வாங்கு.' மருந்து வாங்கச் சொல்றாங்கன்னு நினைச்சு அனுப்பிட்டேன்..."

"மருந்தா? டுனீடின்ல ஒரு பொம்பளை மதியத்துக்குள்ள கிடங்குக் கம்பளியை எல்லாம் வளைச்சுப் போட்டிருக்காம்மா! விலை ஏறினது அவ ஒருத்திக்குத்தான் தெரியும். அவளைப் பிடிக்கச் சொல்லி மத்தியானமே துறைமுக ஆபீஸ்லேருந்து தந்தி கொடுத்துட்டேன், பதில் இங்க வரும். அப்புறம்?"

"அப்புறம் பைபிள்தான். பதினொரு மணிக்கு அதுவும் நின்னுடுச்சு."

சேதி தயாராகும் வரை பைபிள் வரிகளைத் தந்தியில் அடித்துக்கொண்டே இருப்பது அங்கே வழக்கம். ஒரு நிமிஷம் நிறுத்தினால் போதும், துறைமுகத்தில் காத்திருக்கும் போட்டிப் பத்திரிகைக்காரன் லைனைப் பிடித்துவிடுவான்!

இன்றைக்குக் கொலைகாரன் அதையே செய்திருக்கிறான். இரண்டு மணி நேரம் யாரையும் வாய் திறக்க விடவில்லை.

"என்னமோ கை தடுமாறுதேன்னு அப்பவே தோணுச்சுங்கய்யா. ராத்திரி குடிச்சிருப்பான்னு விட்டுட்டேன்."

"ஏம்மா, துறைமுக ஆபீஸ்காரன் காலையிலேருந்து அங்கேயேதான் இருந்தான். அவனை விட்டா இந்த வட்டாரத்துலயே தந்தி தெரிஞ்சது ரெண்டு பேருக்கு. ஒருத்தன் செத்துட்டான். இன்னொருத்தி நீ! தந்தியே வராம நீயே எழுதிக்கிட்டியோ? இல்லே, அடிச்சவன் உன் கூட்டாளியோ? ரெண்டுல எதுன்னாலும் உன் கழுத்துக்குக் கயிறுதான்!"

எஃபி காலையில் எழுதிய காகிதங்களை அள்ளி எடுத்தாள்.

"பாருங்கய்யா... பார்னி எப்பவும் பைபிளோட முதல் புத்தகம் ஆதியாகமம்தான் அடிப்பான். புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து. இன்னிக்கு வந்தது எல்லாம் பைபிள் நடுவுல வர்ற சங்கீதப் பாட்டு! அதுவும் நம்ம ஸ்காட்லாந்துக்காரங்க சர்ச்சுல பாட்டாப் பாடறது. அயர்லாந்துக்காரன் பார்னிக்கு இது எப்படித் தெரியும்?"

சார்ஜென்ட் மீசையைத் தடவினார்.

"பைபிள் பிணத்துக்கு அடியில கிடந்துது. ரத்தத்துல ஊறி, பக்கம் எல்லாம் ஒட்டிப்போச்சு..."

"அதான்! மனப்பாடமா அடிச்சிருக்கான்!"

"ஊர்ல பாதிப் பேருக்கு மனப்பாடம்மா. அதை வச்சு யாரைப் பிடிக்க?"

எஃபி காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

அவள் கண் ஒரு காகிதத்தில் நின்றது. இருபத்துமூன்றாம் சங்கீதம். முதல் பாட்டு... இரண்டாம் பாட்டு... அடுத்தது நான்காம் பாட்டு!

மரணப் பள்ளத்தாக்கைச் சொல்லும் மூன்றாம் பாட்டு இல்லை.

அந்த ஒரு காகிதத்தை மட்டும் தனியே உருவினாள்.

"எஃபிக் கண்ணு!"

வாசலில் ஆர்ச்சி. அவள் புருஷன். கையில் ஆட்டுக்கறி அடைத்துச் சுட்ட சூடான அப்பம்.

"பார்னி சேதி கேட்டு ஓடி வர்றேன். நல்ல மனுஷன்! நான் காலையிலேருந்து மேற்கே பண்ணையில கிடா விலை பேசிட்டிருந்தேன்."

கம்பளித் தரகன். இரண்டு வருஷத்துக்கு முன் அவளைக் கட்டிக்கொண்டவன். 'நீ ஆபீஸ்ல என்ன பேசறேன்னு எனக்கும் புரியணும்' என்று கொஞ்சியவன். சாப்பாட்டு மேஜையில் அவன் விரலைப் பிடித்து, கரண்டியால் தட்டித் தட்டி, தந்தி கற்றுக்கொடுத்ததே அவள்தான்!

"ஆர்ச்சி... பார்னிக்காக இருபத்துமூணாம் சங்கீதம் சொல்லுங்களேன்."

"இப்பவா?"

"சொல்லுங்க."

தொப்பியைக் கழற்றினான். கண்ணை மூடினான். உருக்கமாகச் சொன்னான்.

எஃபி அந்தக் காகிதத்தைச் சார்ஜென்ட் பக்கம் நகர்த்தினாள். அவர் விரல் வரிக்கு வரி ஊர்ந்தது. இரண்டாம் பாட்டு முடிந்தது. ஆர்ச்சி நேராக நான்காவதுக்குத் தாவினான்... விரலும் கூடவே தாவியது!

"தினமும் வீட்டு ஜெபத்துல அதை விட்டுடுவீங்க," என்றாள் எஃபி. "தினமும் நான்தான் எடுத்துக் கொடுப்பேன். இன்னிக்கு எடுத்துக் கொடுக்க ஆள் இல்லாமப் போச்சே ஆர்ச்சி!"

ஆர்ச்சி மெல்லக் கண் திறந்தான். காகிதத்தைப் பார்த்தான். சிரித்தான்.

"அட, யாரோ ஒருத்தன் ஒரு பாட்டை மறந்தா அது நானா? சார்ஜென்ட், எனக்குத் தந்தியே தெரியாது. தெரியும்னு யார் சொல்றா? இவ ஒருத்தி! கட்டின பொண்டாட்டி சாட்சி கோர்ட்ல செல்லாது. சட்டம் தெரியுமில்லே?"

சார்ஜென்ட் பல்லைக் கடித்தார். சட்டம் அப்படித்தான்.

"என்னைத் தூக்குல போடப் பார்த்தாங்க ஆர்ச்சி..."

"உனக்கு ஒண்ணும் ஆகாது கண்ணு. அப்பத்தைச் சாப்பிடு. ஆறிடும்."

டக்... டக் டக்... டக்!

தந்திக் கருவி உயிர் பெற்றது. டுனீடினிலிருந்து.

எஃபி எழுதவில்லை. காதால் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முதுகு நிமிர்ந்தது.

ஆர்ச்சியின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. கையிலிருந்த அப்பம் தரையில் விழுந்து சிதறியது.

"ஏன்யா?" என்றார் சார்ஜென்ட். "தந்தியே தெரியாதவனுக்கு ஏன் இப்படி முகம் வெளுக்குது?"

ஆர்ச்சி வாசலுக்குப் பாய்ந்தான். சார்ஜென்ட்டின் கை அவன் காலரைப் பற்றியது.

"என்னம்மா சேதி?"

"லில்லியஸ் கெர்ங்கறவளைப் பிடிச்சுட்டாங்களாம். 'என் புருஷன் ஆர்ச்சி சொல்லித்தான் வாங்கினேன்'னு அழறாளாம். கிளாஸ்கோவுல பதினொரு வருஷத்துக்கு முன்னால கல்யாணமாம். சர்ச் சான்றிதழ் கூட வச்சிருக்காளாம்!"

எஃபி விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றித் தந்திக் கருவி பக்கத்தில் வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ நான் இவன் பொண்டாட்டியே இல்லை. சார்ஜென்ட் ஐயா, சத்தியம் பண்ண ஒரு பைபிள் கொண்டாங்க... என் சாட்சி இப்போ செல்லும்!"

விலங்கு மாட்டப்பட்டது.

"எஃபி... கண்ணு..."

"அந்த மூணாம் பாட்டை இப்பவாவது மனப்பாடம் பண்ணிக்கோடா," என்றாள் எஃபி. "தூக்குமேடையில நான் வந்து எடுத்துக் கொடுக்க மாட்டேன்!"